‘ஆள் ரொம்ப ரிஜிட்’ என்றால் என்ன?

போன மாதம் நிஷா போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆள் எடுக்கும் ஏஜென்சியில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, இப்ப இன்டர்வியூ ஃபீட்பேக் எல்லாம் ஸ்கிரீன்லயே வந்துடுது. கம்பெனிக்காரங்க பேசுறத மெஷினே சுருக்கி ஒரு வரியாக் குடுக்குது. 'தற்போதைய தேவைக்குப் பொருந்தவில்லை.' அவ்ளோதான். கேண்டிடேட் போன் பண்ணி ஏன்னு கேக்குறாங்க. நான் என்னன்னுக்கா சொல்றது?"

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மீன் குழம்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் விடாமல் பேசினேன். பாவம், அந்தப் பெண்ணுக்கு மதிய சாப்பாடே போயிருக்கும். போனை வைத்த பிறகும் எனக்கு அடங்கவில்லை. இருபத்தாறு வருடம் நான் செய்த வேலையே அதுதானே! இன்டர்வியூவுக்குப் போய்வந்தவரைப் பற்றிக் கம்பெனி என்ன சொல்கிறது என்று கேட்டு எழுதி, அதற்கு என்ன பொருள் என்று கண்டுபிடித்து, அந்த மனிதரிடம் சொல்வது. சுவாரசியம் இல்லாத வேலை என்று நினைப்பார்கள். எனக்கு ஒரு நாள்கூட அலுத்ததில்லை.

எங்கள் ஆபீஸ் ராயபுரத்தில், கப்பல் கயிறும் சங்கிலியும் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. எண்ணூர், மணலி, வள்ளூர், துறைமுகம் என்று சுற்றியுள்ள ஆலைகளுக்கும் யார்டுகளுக்கும் ஒப்பந்த வேலைக்கு ஆள் அனுப்புவோம். வெல்டர், ஃபிட்டர், சாரம் கட்டுபவர், கிரேன் ஓட்டுபவர். ஆறு மாத வேலை, மூன்று மாத வேலை, சில சமயம் இருபது நாள் வேலை. டைப்பிங் முடித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பயோடேட்டா அடித்தேன், போட்டோ ஒட்டினேன், சொல்ல வேறொன்றும் இல்லை. அதன் பிறகு காதர் சார் என்னை ஃபீட்பேக் மேஜையில் உட்காரவைத்தார்.

காதர் சாரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். வண்ணாரப்பேட்டைக்காரர். துறைமுகத்தில் ஆட்களுக்கு வருகை போடும் ஆபீஸில் இருந்துவிட்டு வந்தவர். ஒல்லி, வெள்ளைச் சட்டை. வேலை கிடைக்காத செய்தியை யாருக்காவது நேரில் சொல்ல நேர்ந்தால் எழுந்து நின்றுதான் சொல்வார். அதற்கு முன்னால் வேலை கேட்டு வந்தவருக்கு டீ கொடுத்தாக வேண்டும். அவர் டீயைக் குடித்து முடிக்கும் வரை காதர் சார் பேச்சு எடுக்கமாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மட்டும் அவர் பேச்சு சுத்தமான எழுத்துத் தமிழுக்கு மாறிவிடும். "ஸ்டெல்லா, இதை எவ்விடத்தில் எழுதினீர்கள்?" என்று கேட்டால் பழைய சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

அவர் வைத்திருந்த முறை இது. கம்பெனிக்காரர் போனில் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே சீட்டில் எழுத வேண்டும். சொன்னவர் பெயர், நேரம் இரண்டும் வேண்டும். பிறகு ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, நமக்கு என்ன தோன்றுகிறது என்பது. "மேல இருக்கிறது அவங்களோடது. கீழ இருக்கிறது நம்மளோடது. ரெண்டையும் கலக்காதம்மா. கலந்தா ஒருத்தர் பொழப்புல கை வெச்ச மாதிரி" என்பார்.

நான் கலந்தேன். அந்த மேஜைக்கு வந்த புதிதிலேயே கலந்தேன்.

சாரம் கட்டும் ஆள் ஒருவர், திருவொற்றியூர்க்காரர், கொஞ்சம் குள்ளம். ஓர் ஆலையிலிருந்து போனில், "அவருக்கு ஹைட் ப்ராப்ளம்மா, எடுக்க முடியாது" என்றார்கள். நான் சீட்டில் ‘உயரம் போதாது’ என்று எழுதிக்கொண்டு, அப்படியே அவரிடமும் சொல்லிவிட்டேன். மனிதர் மாடிப்படி அதிர ஏறி வந்தார்.

"இன்னாக்கா, ஹைட்டா? சாரத்து மேல ஏறினா நான் இந்த ஊருக்கே ஒசரமா நிப்பேன்! இருபது வருசமா கட்டிகினு கீறேன், எவனும் என்னைய அளந்து பாத்ததில்ல!"

காதர் சார் அவருக்கு டீ சொல்லிவிட்டு, என்னை மறுபடி அந்த ஆலைக்குப் போன் போடச் சொன்னார். ‘ஹைட்’ என்றால் ஆள் உயரம் இல்லை. உயரத்தில் வேலை செய்ய மருத்துவப் பரிசோதனை உண்டு, அதில் அவருக்கு ரத்த அழுத்தம் எகிறியிருக்கிறது! அந்த மனிதருக்கே அது தெரியாது. நான் எழுதியபடியே விட்டிருந்தால், மறுநாளே வேறு எங்கோ போய் எட்டு மாடி உயரத்தில் ஏறியிருப்பார். அன்று மாலையே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனார், மாத்திரை ஆரம்பித்தார், மூன்றாவது மாதம் அதே ஆலையில் அதே சாரத்தில் ஏறினார்.

அதற்குப் பிறகு எனக்கு இது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. ‘பார்த்துச் சொல்றோம்’ என்று சொன்னவர், சொல்லிவிட்டு உடனே போனை வைத்தாரா, இல்லை இன்னும் ஒரு நொடி இழுத்தாரா? ‘நல்ல ஆள்தான், ஆனா...’ என்றால் அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் என்ன? ‘தூரம்’ என்றால் காலை ஷிப்டுக்கு பஸ் இல்லை என்று பொருள். ‘அனுபவம் அதிகம்’ என்றால், நல்ல வேலை கிடைத்தால் பாதியில் ஓடிவிடுவார் என்ற பயம். துருவிக் கேட்டால் காரணம் வெளியே வரும். காரணம் வந்துவிட்டால் பாதி பேருக்கு ஏதாவது வழி இருக்கும். அப்படி ஒரு வழி பிறந்த நாட்களில் வீட்டுக்கு பஸ்ஸில் போகாமல் நடந்தே போயிருக்கிறேன், உட்கார முடியாத அளவுக்கு மனசு துள்ளிக்கொண்டிருக்கும்!

அந்த மிதப்பில் இருந்தபோதுதான் கஜேந்திரன் வந்தார்.

கஜேந்திரனுக்கு நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து வயது இருக்கும். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு குடியிருப்பு. நெஞ்சுக்கு நேராகக் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைப் பார்த்துப் பேசுவார். அவர் பார்த்த வேலைக்கு ‘ஹோல்வாட்ச்’ என்று பெயர். ஆலையை வருடத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பராமரிப்பு செய்வார்கள், ஷட்டவுன் என்போம். அப்போது பாய்லர், டேங்க் என்று எல்லாவற்றுக்குள்ளும் ஆட்கள் இறங்கிச் சுத்தம் செய்வார்கள், வெல்டிங் செய்வார்கள். உள்ளே போக, வர ஒரே ஒரு வட்ட ஓட்டைதான். அதன் வாயில் ஒருவர் நிற்பார். யார் உள்ளே போனார், யார் வெளியே வந்தார் என்று எழுதுவார். உள்ளே ஏதாவது ஆனால் சத்தம் போட்டு ஆட்களை வரவழைப்பார். பார்ப்பதற்குச் சும்மா நிற்கும் வேலை போல இருக்கும்.

ஐந்து மாதமாக வேலை இல்லாமல் எங்களிடம் வந்தார். மனைவி மல்லிகா ஒரு பேக்கிங் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் கஜேந்திரனை ஓர் இடத்துக்கு அனுப்பினேன். ஃபீட்பேக் வந்தது: ‘ஆள் ரொம்ப ரிஜிட். சூப்பர்வைசர் சொன்னா கேக்கமாட்டார் போல.’ இன்னோர் இடத்துக்கு அனுப்பினேன். ‘வேலை தெரியும். ரிஜிட். ஒத்துப்போகமாட்டார்.’

இரண்டு இடம், ஒரே சொல். எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் விதமும், ‘முடியாது சார்’ என்று வெட்டிச் சொல்லும் விதமும் எனக்குத் தெரியுமே! கோட்டுக்குக் கீழே ‘பேசும் தோரணையில் பணிவு போதாது’ என்று எழுதினேன். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"கஜேந்திரன், வேலையில உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. பேச்சுதான். கையைக் கட்டாதீங்க. 'முடியாது'ங்கற வார்த்தையே வேணாம். எது கேட்டாலும் 'சரி சார், பாத்துக்கலாம்'னு சொல்லுங்க. அவ்ளோதான்."

"எது கேட்டாலுமா மேடம்?"

"எது கேட்டாலும்."

அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மூன்றாவது இன்டர்வியூ எண்ணூர்ப் பக்கம் ஒரு பெரிய ஆலையில், வியாழக்கிழமை. ஷட்டவுன் திங்கட்கிழமை ஆரம்பம், இருபத்தொரு நாள். ஆள் எடுத்தது அங்கே வேலை எடுத்திருந்த ஒப்பந்தக் கம்பெனி. எங்களுக்கு அவர்கள்தான் பெரிய வாடிக்கை. வெள்ளிக்கிழமை காலை அவர்களுடைய சைட் பொறுப்பாளர் பிரகாஷ் போன் செய்தார்.

"மேடம், கஜேந்திரன் செலக்டட். நல்ல ஆட்டிட்யூட். ஃப்ளெக்ஸிபிள். மத்தியானத்துக்குள்ள லெட்டர் அனுப்பிடுங்க."

நான் எழுந்து நின்று கையைத் தட்டினேன்! கஜேந்திரனுக்குப் போன் போட்டேன். "சரி மேடம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதுவும் உறைக்கவில்லை. லெட்டரை அடித்துக்கொண்டு காதர் சாரிடம் கையெழுத்துக்குப் போனேன்.

அவர் பேனாவைத் திறந்தார். திறந்துவிட்டு, "பழைய சீட்டெல்லாம் கொண்டாம்மா" என்றார். மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் வாசித்தார்.

"ரிஜிட். ரிஜிட். ஃப்ளெக்ஸிபிள். ஒரு மாசத்துல ஒரு மனுஷன் இவ்வளவு மாறிட்டாரா?"

"நான்தான் சார் பேசச் சொல்லிக் குடுத்தேன்."

"எந்தக் கேள்விக்கு ரிஜிட்டுன்னு சொன்னாங்க?"

எனக்குத் தெரியவில்லை. கேட்கவே இல்லை!

"ஸ்டெல்லா, அவரை அழையுங்கள்" என்றார். செந்தமிழ் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டேன். அந்த மூன்று இன்டர்வியூவிலும் ஒரே மாதிரி கேட்ட கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டோம்.

"கீது சார்" என்றார் கஜேந்திரன். "உள்ள ஆளு வேலை செஞ்சிகினு இருக்கும்போது, சூப்பர்வைசர் வந்து 'ரெண்டு நிமிசம், ஸ்டோருக்குப் போய் லைட்டு எடுத்துனு வா'ன்னா இன்னா செய்வேன்னு கேப்பாங்க. மொத ரெண்டு தபாவும், ஆளு வெளில வர்ற வரிக்கும் நவுரமாட்டேன்னு சொன்னேன். வேலை கெடைக்கல. இந்தத் தபா மேடம் சொன்ன மாதிரி, 'சரி சார், பாத்துக்கலாம்'னேன்."



"ஏங்க நகரமாட்டீங்க?" என்று கேட்டார் காதர் சார். அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டார்.

"உள்ள இருட்டு சார். அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தபா உள்ளேர்ந்து 'அண்ணே'ன்னு கூப்டுவான். நான் 'தோ கீறேன்டா'ன்னு சொல்லணும். அந்தக் கொரலு வரலன்னா அவனுக்குக் கை கால் உதறிடும். மூச்சு முட்டினாலும் அவனால கூப்டத்தான் முடியும், அப்ப நான் இல்லன்னா இன்னா சார் அர்த்தம்? 'பாத்துக்கலாம்'னு சொல்லும்போதே நாக்கு வரல எனக்கு. வூட்டுக்கு வந்து ராவு சாப்டல."

"கஜேந்திரன்" என்றேன். "தப்பு என்னோடது. உங்ககிட்ட கேக்காம நானா ஒரு அர்த்தம் பண்ணிக்கிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

"ஐய, இன்னா மேடம், பெரிய வார்த்தையெல்லாம்" என்றார். அவர் குரல் கொஞ்சம் இளகியது.

காதர் சார் லெட்டரில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அவராகவே எதையும் முடிவு செய்யவும் இல்லை. கஜேந்திரனிடம் பொறுமையாக விளக்கினார். "இதை நான் அவங்களுக்கு எழுதிக் கேக்கலாம்னு நினைக்கிறேன். கேட்டா இந்த வேலை போகலாம். உங்களுக்கு ஆறு மாசமா வேலை இல்ல. வேணாம்னு சொன்னா, எழுதமாட்டேன். ஆனா என் கையெழுத்தோட அந்த வாயில்ல உங்களை நிறுத்தமாட்டேன், வேற வேலை தேடித் தர்றேன். நீங்க சொல்லுங்க."

"ஒரு நிமிசம் சார்." போனைக் கையால் மூடிக்கொண்டு மல்லிகாவிடம் பேசுவது முணுமுணுப்பாகக் கேட்டது. பிறகு மல்லிகாவின் குரல்தான் வந்தது. "எழுதுங்க சார். நேத்துலேர்ந்து ஆளு ஆளாவே இல்ல. இருவத்தோரு நாளும் இந்த மூஞ்சிய என்னால பாக்க முடியாது."

காதர் சார் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நாலே வாக்கியம். ‘ஆள் உள்ளே இருக்கும்போது சூப்பர்வைசர் அழைத்தால் இடத்தை விட்டுப் போவீர்களா என்ற கேள்விக்கு, திரு. கஜேந்திரன் போவதாகப் பொருள்படப் பதில் சொல்லி, நீங்கள் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அப்பதில் எங்கள் தவறான அறிவுரையால் சொன்னது. போகமாட்டேன் என்பதே அவருடைய பதில். இரண்டில் எந்தப் பதிலுக்காக அவரை எடுக்கிறீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.’ ஒப்பந்தக் கம்பெனிக்கு ஒன்று. நகல், ஆலையின் பாதுகாப்புப் பிரிவுக்கு.

அந்த நகல்தான் வெடி. ஒப்பந்தக்காரரைத் தாண்டி ஆலைக்கு எழுதும் வழக்கமே எங்கள் தொழிலில் கிடையாது. முகவரியை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு மெயிலை அனுப்பும் பட்டனை அழுத்தினேன். பெரிய வாடிக்கை போனால் ஆபீஸில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது, அதில் நானும் ஒருத்தி!

பத்தே நிமிடத்தில் பிரகாஷ். "என்ன மேடம், ஆலைக்கு எதுக்கு அனுப்பினீங்க? சும்மா கேட்ட கேள்விய லெட்டரா எழுதுவீங்களா? இனிமே உங்ககிட்ட ஆள் எடுப்பேன்னு நினைக்கிறீங்களா?" அவர் கத்தியது முழுவதையும் நேரம் போட்டு சீட்டில் எழுதினேன். கைப்பழக்கம்!

அரை மணி கழித்து ஆலையின் பாதுகாப்பு அதிகாரி பால்துரையே கூப்பிட்டார். திருநெல்வேலிப் பேச்சு. "ஏம்மா, அந்த ஆளு நாளைக்குப் பத்து மணிக்கு இங்க வருவாரா? இந்தக் கேள்வியைக் கேட்ட மனுசரையும் வரச் சொல்லியிருக்கேன்."

சனிக்கிழமை கஜேந்திரனோடு நானும் போனேன். நான் பண்ணிய குளறுபடி, தனியாக எப்படி அனுப்புவேன்? எக்ஸ்பிரஸ் சாலை முழுக்க கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எங்கள் பஸ் ஊர்ந்தது. கஜேந்திரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வுடுங்க மேடம், போய்ச் சேந்துடலாம்" என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு கேட்டில் கையெழுத்துப் போட்டோம்.

சின்ன அறை. பால்துரை கனத்த மனிதர், முன்னால் எங்கள் கடிதம். ஓரத்தில் பிரகாஷ், முகம் கறுத்துப்போய். பால்துரை நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஆளு உள்ள இருக்கான். சூப்பர்வைசர் ஸ்டோருக்குப் போகச் சொல்லுதாரு. போவீரா?"

கஜேந்திரன் நெஞ்சுக்கு நேராகக் கையைக் கட்டினார். நான் தடுக்கவில்லை!

"போவமாட்டேன் சார்."

"நானே வந்து சொன்னா?"

"நீங்களே சொன்னாலும் மாட்டேன் சார்."

"வேலையை விட்டுத் தூக்கிருவேன்னா?"

"தூக்குங்க சார். ஆனா எனக்குப் பதிலா ஒருத்தன நிக்க வெச்சிட்டு அப்பால தூக்குங்க. வேற ஆளு வந்து நின்னா, ஸ்டோருக்கு இன்னா, சாத்தாங்காடு மார்க்கெட்டுக்கே போய் இரும்பு வாங்கியாரச் சொன்னாலும் போறேன்."

பால்துரை சிரிக்கவில்லை. பிரகாஷ் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. எதுக்கு இந்தக் கேள்வி?"

பிரகாஷ் உண்மையைச் சொன்னார், அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். "சார், வாயிலுக்கு ஒரே ஒரு ஆள்தான் குடுக்கிறாங்க. மாத்து ஆள் கிடையாது. லைட் போனா, ஹோஸ் கிழிஞ்சா, நான் யாரை அனுப்புவேன்? நிக்கிறவரைத்தான் அனுப்பணும். அதான், போற மாதிரி ஆளாப் பாத்து எடுக்கிறோம்."

‘ரிஜிட்’ என்ற சொல்லுக்கு இதுதானா பொருள்! அந்தச் சொல் கஜேந்திரனைப் பற்றியதே இல்லை. ‘எங்களிடம் மாற்று ஆள் இல்லை’ என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நான் போய் அவருடைய கையிலும் குரலிலும் குறை தேடிக்கொண்டிருந்தேன்.

பால்துரை நாற்காலியில் சாய்ந்தார். ஒரு தாளில் ஏதோ எழுதினார். "சரி, நீங்க கிளம்புங்க. சொல்லி அனுப்புதேன்" என்று மட்டும் எங்களிடம் சொன்னார். பிரகாஷை இருக்கச் சொன்னார்.

‘சொல்லி அனுப்புறேன்’! என் வேலையே அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்வது, அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கஜேந்திரன் வழியெல்லாம் நெடுநாள் கழித்துத் தூங்கி எழுந்தவர் போல இருந்தார். தண்டையார்ப்பேட்டையில் இறங்கி வேறு பஸ் பிடித்தார்.

ஆபீஸுக்கு வந்தால், சனிக்கிழமை அரை நாள் என்பதையும் மறந்து காதர் சார் உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்குப் போன் அடித்தது. பால்துரை தன் தாளிலிருந்து வாசித்ததை அவர் வார்த்தையிலேயே எழுதினேன். கோடு போடவில்லை. கோட்டுக்குக் கீழே எழுத எனக்கு எதுவும் இல்லை. காதர் சார் வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்தார். "கூப்பிடும்மா. கூட ஒரு வார்த்தை போடாத, கொறச்சும் சொல்லாத" என்றார்.

"கஜேந்திரன், ஃபீட்பேக் வந்திருக்கு. படிக்கிறேன்."

"படிங்க மேடம்."

"‘கஜேந்திரனைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். முக்கியமான பாய்லர் வாயிலில் இருபத்தொரு நாளும் அவரையே போட வேண்டும். ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு மாற்று ஆள் சேர்க்கச் சொல்லி ஒப்பந்தக்காரரிடம் ஒப்புதல் வாங்கியாயிற்று. அந்த மாற்று ஆட்களையும் உங்கள் ஏஜென்சியே அனுப்பலாம். அவர்களுக்கு முதல் நாள் வேலையைச் சொல்லித் தருபவர் கஜேந்திரன்.’"

அந்தப் பக்கம் நடக்கும் சத்தம், கதவு திறக்கும் சத்தம், குடியிருப்பின் நீண்ட நடைபாதையில் பிள்ளைகள் விளையாடும் கூச்சல்.

"ஏய் மல்லிகா! தே, இங்க வா! பக்கத்து வூட்டு அண்ணனையும் கூப்டு! மேடம், ஸ்பீக்கர்ல போட்டுக்கினேன். இன்னொரு தபா படிங்க."

நான் எழுந்து நின்றேன். ஜன்னலுக்கு வெளியே ராயபுரம் முழுக்கக் கேட்கட்டும் என்று, முதல் வார்த்தையிலிருந்து மறுபடி படித்தேன்.